எடையற்ற கோடு

கார்ட்டூன் பாத்திரம் என்பது மனிதனையோ விலங்கையோ பார்த்து, சில விவரங்களை விட்டுவிட்டு எளிமையாக வரையப்பட்ட நகல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த எண்ணம் சரியென்றால், விட்டுப்போன விவரங்களைத் திரும்பச் சேர்த்து, கோடு இருந்த இடத்தில் தோலையும் மயிரையும் துணியையும் வைத்ததும் அப்பாத்திரம் முழுமை பெற்றுவிட வேண்டும். புகழ்பெற்ற கார்ட்டூன்களை நேரடி நடிப்புப் படங்களாக, அதாவது நடிகர்களையும் அரங்குகளையும் கேமராவின் முன் நிறுத்தி எடுக்கும் படங்களாக மாற்றுவதற்கு ஹாலிவுட்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் முயற்சிகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. அவற்றில் பல, பார்வைக்குச் செழிப்பாக இருந்தும் உயிரற்றுப் போனதற்குக் காரணமும் இதே நம்பிக்கைதான்.

சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன் 1930இல் ஹாலிவுட்டுக்குச் சென்றபோது வால்ட் டிஸ்னியைச் சந்தித்தார். டிஸ்னியின் படங்களைப் பற்றி 1940களின் தொடக்கத்தில் விரிவான குறிப்புகளையும் எழுதினார். டிஸ்னியின் உருவங்கள் ஒருமுறை வகுக்கப்பட்ட வடிவத்துக்குள் அடங்கிக் கிடக்காமல், கழுத்து நீள வேண்டிய இடத்தில் நீண்டும் உடல் வழிய வேண்டிய இடத்தில் வழிந்தும், எதுவாகவும் ஆகக்கூடிய ஆதிநிலைப் பொருளைப்போல நடந்துகொள்வதே அவற்றின் கவர்ச்சிக்கு மூலம் என்பது அக்குறிப்புகளின் மையக் கருத்து. நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் ஈர்ப்பையும் அவர் இதே காரணத்தோடு இணைத்தார். அளவெடுத்து வெட்டப்பட்ட இயந்திர வாழ்க்கைக்குள் நெருக்கப்பட்டிருந்த அமெரிக்க மக்களுக்கு, வடிவத்துக்குக் கட்டுப்படாத அந்த உருவங்கள் சற்று நேர விடுதலையைத் தந்தன என்று அவர் கருதினார். இப்பார்வையை ஏற்றுக்கொண்டால், கோடு என்பது குறைக்கப்பட்ட உடல் என்ற கருத்துக்கு இடமில்லாமல் போகிறது. கோடு வேறொரு பொருள். அதற்கென்று வேறொரு இயற்பியல் உண்டு.

அந்த இயற்பியலில் மிகவும் வியப்புக்குரியது எடை. டிஸ்னி நிறுவனத்தின் மூத்த அசைவூட்டக் கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் தங்கள் தொழிலின் பன்னிரண்டு அடிப்படைகளைத் தொகுத்தபோது முதலாவதாக வைத்தது, நசுங்குவதும் நீள்வதும் என்ற விதியை. கீழே விழும் பந்து தரையில் படும்போது தட்டையாகவும் எழும்பும்போது நீண்டும் வரையப்பட்டால்தான் பார்ப்பவருக்கு அது கனமுள்ளதாகத் தோன்றும் என்பது அவ்விதியின் சுருக்கம். வரையப்பட்ட உருவத்துக்கு எடை இயல்பாக அமைவதில்லை. கலைஞன் விரும்பும் கணத்தில் விரும்பும் அளவுக்குக் கொடுக்கப்படுகிறது, மறுகணம் திரும்பப் பெறப்படுகிறது. மலையுச்சியைத் தாண்டி ஓடிய பாத்திரம், கீழே பார்க்கும்வரை அந்தரத்தில் நிற்பது இதனால்தான் சாத்தியமாகிறது. நடிகனுக்கோ எடை பிறவியிலேயே வந்தது. ஒரு கணமும் அவனால் அதைக் கழற்றி வைக்க முடியாது. ஆகவே கார்ட்டூனை நடிப்புப் படமாக மாற்ற வருபவர் எதிர்கொள்ளும் கேள்விகளில் முகச்சாயலும் உடையும் பின்னால் வருபவை. எடையற்ற ஒன்றை எடையுள்ள ஒன்றால் எப்படிச் செய்வது என்பதே முதற்கேள்வி.

இக்கேள்வியை ஏறத்தாழ முழுமையாக எதிர்கொண்ட படம் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 1980இல் வெளிவந்த 'பாப்பாய்'. பாரமவுண்ட்டும் டிஸ்னியும் சேர்ந்து தயாரித்த இப்படம், பெற்றோரும் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து பார்க்கும் இசைப்படமாகத் திட்டமிடப்பட்டது. 'மேஷ்', 'நாஷ்வில்' போன்ற படங்களில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டக் காட்சிகளை எடுத்துப் பெயர் பெற்றிருந்த ஆல்ட்மனிடம் இந்தப் பொறுப்பு வந்தது அன்று பலருக்குப் பொருந்தாததாகப் பட்டது. ஆனால் திரைக்கதை எழுதிய ஜூல்ஸ் ஃபைஃபர் தாமே கேலிச்சித்திரக்காரர். சித்திரக்கதை நாயகர்களைப் பற்றி 1965லேயே நூல் எழுதியவர். உலகம் நன்கறிந்த பாப்பாய், ஃப்ளைஷர் சகோதரர்கள் 1933 முதல் எடுத்த குறும்படங்களின் பாப்பாய். ஃபைஃபர் அதைத் தாண்டி மூலத்துக்கே போனார். மூலம் என்பது ஈ. சி. சீகர் 1919 டிசம்பரில் தொடங்கிய 'திம்பிள் தியேட்டர்' என்ற நாளிதழ்ச் சித்திரக் கீற்று.

அக்கீற்றின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது இங்கே தேவை. ஆலிவ் ஆயில் அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தாள். அவளுடைய அண்ணன் காஸ்டர் ஆயிலும் இருந்தான். கடலோடியான பாப்பாய் 1929 ஜனவரியில்தான், அதுவும் ஒரு கப்பலுக்கு ஆள் தேடும் கதையில் துணைப்பாத்திரமாக, உள்ளே வந்தான். முதற்கதையில் குண்டடி பட்டும் அவனைச் சாகாமல் காத்தது, அவனுக்குப் பலம் தருவதாக எல்லோரும் அறிந்த கீரை அல்ல. அதிர்ஷ்டம் தரும் ஓர் அபூர்வக் கோழியின் தலையை அவன் தடவிக்கொண்டே இருந்ததுதான். கீரை பின்னால் வந்தது; ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் கீரை டப்பா திறக்கப்பட வேண்டும் என்ற சடங்கு குறும்படங்களில்தான் உறுதிப்பட்டது. சீகரின் பாப்பாய் பொருளாதார மந்தக் காலத்து அமெரிக்காவின் எளிய மனிதன். உடைந்த இலக்கணம் பேசுபவன். அநியாயத்தைப் பார்த்தால் பொறுக்க முடியாமல் கை ஓங்குபவன். அவனுடைய பலம் முன்கையில் இருப்பதைவிட அதிகமாக அந்தப் பொறுமையின்மையில் இருந்தது. 1938இல் நாற்பத்து மூன்று வயதில் சீகர் இறந்தபின், பாப்பாயின் பெயரும் கீரையும் மட்டும் நின்று, அவனைச் சுற்றியிருந்த உலகம் மெல்ல மறக்கப்பட்டது.

ஆல்ட்மனின் குழு மீட்டெடுத்தது அந்த உலகத்தை. மால்டாத் தீவில் மெல்லீஹாவுக்கு அருகிலுள்ள ஆங்கர் பே என்ற சிறு குடாவில் ஸ்வீட்ஹேவன் என்ற கற்பனை ஊரைக் கலை இயக்குநர் வுல்ஃப் குரோகர் எழுப்பினார். மரம் நெதர்லாந்திலிருந்தும் கூரைக்கான மரத்தகடுகள் கனடாவிலிருந்தும் வந்தன; 165 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். எழுந்த வீடுகளில் நேராக நின்றவை குறைவு. மாடிப்படிகள் சாய்ந்தும் சன்னல்கள் கோணியும் கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிவதுபோலவும் அமைந்த அவ்வூரில் ஒரு நடிகன் சாதாரணமாக நடந்தாலே அவன் நடை கோட்டுச்சித்திர நடையாகிவிடும். இதுதான் ஆல்ட்மன் கண்ட விடை. உடலின் எடையைக் குறைக்க முடியாதென்று அறிந்து, அந்த எடையைத் தாங்கும் தரையை அவர் மாற்றினார். சர்க்கஸ் கோமாளிகளையும் உடல்மொழியில் தேர்ந்த கலைஞர்களையும் ஊர்மக்களாக அமர்த்தினார். குனிந்து தொப்பியை எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் தன் காலாலேயே அதை உதைத்துத் தள்ளிவிடும் ஊர்க்காரர் ஒருவர் படத்தில் வருகிறார். கதைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; ஆனால் அவர் பின்னணியில் கடந்து போகும்போதெல்லாம் அவ்வூரின் இயற்பியல் பார்ப்பவர் மனத்தில் ஒரு படி கெட்டிப்படுகிறது.

அதுபோலவே வரி வசூலிப்பவன். படகைக் கரைசேர்த்த பாப்பாயிடம், படகு நிறுத்தியதற்கு ஒரு வரி, ஊருக்குப் புதியவன் என்பதற்கு ஒரு வரி, இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் கேள்விக்கும் ஒரு வரி என்று அவன் கறந்துகொண்டே போகிறான். முஷ்டி ஓங்கப்படாத இக்காட்சி சீகருக்கு மிக அருகில் இருக்கிறது. வரியைக் கட்டிக்கொண்டே, பல்லிடுக்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நகரும் ராபின் வில்லியம்ஸின் பாப்பாயில் இன்னொரு மரபும் கேட்கிறது. ஃப்ளைஷர் குறும்படங்களில் படம் வரைந்து முடிந்தபிறகே குரல் பதிவானது. 1935 முதல் பாப்பாய்க்குக் குரல் தந்த ஜாக் மெர்சர், உதடு அசையாத இடங்களிலும் தாமாகவே வாய்க்குள் பேசிக்கொண்டு போனார். தொழில்முறையின் ஒரு போதாமையிலிருந்து பிறந்த அந்த முணுமுணுப்பே பாத்திரத்தின் அந்தரங்கமாக மாறியது. வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது அந்த அந்தரங்கத்தை. ஒரு கண்ணை இடுக்கி, தோளைச் சாய்த்து, உலகத்தோடு பேசுவதைவிடத் தன்னோடு அதிகம் பேசும் ஒரு தனியனை அவர் காட்டுகிறார். ரப்பரால் செய்து அவர் கைகளில் பொருத்தப்பட்ட பெருத்த முன்கைகளோ படத்தின் பலவீனமான பகுதி. தாளில் மேற்கையைவிட முன்கை மும்மடங்கு பருத்திருப்பதைக் கண் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறது. திரையில் அதே அளவு, ஒட்டவைக்கப்பட்ட ஒரு பொருளாக நிற்கிறது.

ஆலிவ் ஆயிலாக நடித்த ஷெல்லி டுவாலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீண்ட கழுத்தும் மெலிந்த கைகால்களும் அகன்ற கண்களும் கொண்ட அவரை, பாத்திரத்துக்கென்றே பிறந்தவர் என்று அன்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் உருவ ஒற்றுமையில் அவருடைய சாதனை முடிந்துவிடவில்லை. ஹாரி நில்சன் இசையமைத்த பாடல்களுள் ஒன்றில், தான் ஒருவனுக்குத் தேவைப்படுகிறோம் என்ற எண்ணத்தை முதன்முதலாக நம்பிப் பார்க்கும் பெண்ணாக அவர் மரப்பலகைகளின் மேல் நடந்தும் நின்றும் திரும்பியும் பாடுகிறார். குரல் மெலிந்தது, சுதியில் சற்றுத் தள்ளாடுவது, பெரிய பூட்சுகளுக்குள்ளிருந்து கால்கள் எங்கே போவதென்று தெரியாமல் போவதுபோல இருக்கின்றன. அந்தத் தடுமாற்றத்தில் ஒரு கோடு தன்னைத்தானே வரைந்துகொண்டு போவதைக் காண முடிகிறது. கனம் இருக்கிறது, ஆனால் அது எந்தக் காலில் இருக்கிறது என்று பார்ப்பவர் அறிவதற்குள் மறுகாலுக்குப் போய்விடுகிறது. பால் தாமஸ் ஆண்டர்சன் 2002இல் தம் 'பஞ்ச் டிரங்க் லவ்' படத்தில் இதே பதிவைப் பயன்படுத்தியபோது, குழந்தைப் படத்துப் பாட்டு என்று ஒதுக்கப்பட்டதன் ஆழம் புதிய தலைமுறைக்குத் தெரியவந்தது.

படத்தின் இறுதிப் பகுதி சறுக்குவதும் இதே காரணத்தை உறுதிப்படுத்துகிறது. ஃபைஃபரின் பாப்பாய்க்குக் கீரை பிடிக்காது. அதை அறிந்த அவனுடைய எதிரி புளூட்டோ அவனை வதைப்பதற்காகவே வாயில் கீரையைத் திணிக்க, பலம் பொங்கி எழுகிறது. எழுத்தில் இது அழகான திருப்பம். ஆனால் அந்தக் கணத்திலிருந்து படம் கோட்டுச்சித்திரம் மட்டுமே செய்யக்கூடிய செயல்களைச் செய்ய முயல்கிறது. ஆக்டோபஸாக நடிக்க வேண்டிய இயந்திரம் சரியாக இயங்கவில்லை. நீருக்கடியில் நடக்கும் சண்டை கனத்துத் தொய்கிறது. உலகத்தை வளைத்த இடங்களில் வென்ற படம், உடலை வளைக்கப் போன இடத்தில் தோற்றது. விமர்சகர்களிடம் கலவையான வரவேற்பையே பெற்ற இப்படத்தை அன்று தோல்வி என்று பேசினார்கள். ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அது அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5 கோடி டாலர் வசூலித்தது என்பது அப்பேச்சில் மறைந்துபோனது.

எதிர்த் திசையில் போன முயற்சிகளின் இயல்பை ஒரு கழுத்துப்பட்டை காட்டிக்கொடுக்கிறது. எம்ஜிஎம் நிறுவனம் 1957இல் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபின், வில்லியம் ஹானாவும் ஜோசஃப் பார்பெராவும் தொலைக்காட்சிக்காகக் குறைந்த செலவில் அசைவூட்டம் செய்யும் முறையை வளர்த்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் முழு உருவத்தையும் புதிதாக வரையாமல், உடலை ஒரு கண்ணாடித் தாளில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் வேறு தாள்களில் மாற்றிக்கொண்டே போகும் முறை அது. தலையும் உடலும் சேரும் இடத்தில் தெரியும் வெட்டை மறைக்கவே யோகி கரடிக்குக் காலரும் டையும் வந்தன. 1960இல் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' தொடரில் கற்கால மனிதன் ஃபிரெட்டின் கழுத்திலும் டை உண்டு. வறுமை கற்பித்த உத்தி அது. ஆனால் உடல் சிலையாக நிற்க, தலை மட்டும் பேசிக்கொண்டிருப்பதே அப்பாத்திரங்களின் தாளமாகவும் நகைச்சுவையாகவும் ஆகிவிட்டது. 2010இல் யோகி கரடி கணினி வரைகலையில், ஒவ்வொரு மயிரும் காற்றில் அசைய, உண்மை மனிதர்களோடு நடமாடியபோது காலரும் டையும் அப்படியே வந்தன. அவற்றைத் தேவையாக்கிய தாளம் வரவில்லை. அடையாளச் சின்னம் கடந்து வந்து, அதைப் பெற்ற காரணம் பின்தங்கிவிட்டால் மிஞ்சுவது வேடம்தான். 1994இல் ஜான் குட்மன் ஃபிரெட்டாக நடித்த படம் பெரும் வசூலைப் பெற்றது; கல்லால் செய்த கார், ஜிம் ஹென்சன் பட்டறை செய்த இயந்திர விலங்குகள், கலிஃபோர்னியப் பாறைகளுக்கிடையே கட்டிய தெரு எல்லாமே நேர்த்தி. பார்ப்பவர் அதில் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு மகிழலாம். அதற்குமேல் அங்கே நடப்பதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது வழியொன்றை 1988இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' திறந்தது. இதில் கோட்டை உடலாக மாற்ற யாரும் முயலவில்லை. வரையப்பட்ட முயல் வரையப்பட்ட முயலாகவே இருந்து, 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸில் பாப் ஹாஸ்கின்ஸ் நடித்த துப்பறிவாளரோடு வாழ்கிறது. அசைவூட்டத்தை மேற்பார்த்த ரிச்சர்ட் வில்லியம்ஸின் குழு, படமாக்கப்பட்ட ஒவ்வொரு சட்டகத்தையும் பெரிதாக அச்சிட்டு அதன்மேல் கையால் வரைந்தது. அதன்பின் நிழலும் ஒளியும் தனித்தனி அடுக்குகளாகச் சேர்க்கப்பட்டன. வரையப்பட்ட பென்குவின் பரிமாறுபவர்கள் ஏந்தும் தட்டுகளும், அவர்களைப் போலவே வரையப்பட்ட குழந்தை ஹெர்மன் புகைக்கும் சுருட்டும் உண்மைப் பொருட்கள். கம்பிகளாலும் இயந்திரக் கைகளாலும் அவற்றை அசைத்துப் படமெடுத்து, பிடித்திருக்கும் கையைப் பின்னால் வரைந்தார்கள். எடையுள்ள தட்டு எடையற்ற கைக்குத் தன் எடையைக் கடனாகக் கொடுக்கிறது. மதுக்கடையின் பின்னறைக் காட்சியில் ஹாஸ்கின்ஸின் தலை தொங்கும் விளக்கில் இடிக்க, அது இங்குமங்கும் ஆட, முயலின் மேல் விழும் ஒளியும் நிழலும் சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறுகின்றன. கதைக்கு அந்த விளக்கு ஆடவே வேண்டியதில்லை. நின்றிருந்தால் எத்தனையோ நாள் உழைப்பு மிச்சமாகியிருக்கும். ஆனால் அதே காட்சியில், இருவரையும் பிணைத்திருக்கும் கைவிலங்கிலிருந்து முயல் தன் கையை எளிதாக உருவிக்கொள்கிறது. இதை முன்பே செய்திருக்கலாமே என்று கொதிக்கும் துப்பறிவாளரிடம், சிரிப்பு வரக்கூடிய கணத்தில் மட்டுமே தன்னால் அது முடியும் என்ற பொருளில் முயல் பதில் தருகிறது. கார்ட்டூன் இயற்பியலை இதைவிடத் துல்லியமாக எந்தக் கோட்பாட்டு நூலும் வகுத்ததில்லை. விளக்கு மனித உலகின் விதிக்கும், உருவிய கை கோட்டுலகின் விதிக்கும் நிற்க, இரண்டும் ஒரே அறைக்குள் மதிப்புக் குறையாமல் இயங்குகின்றன.

டிம் பர்ட்டனின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' 2010இல் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தபின், டிஸ்னி தன் பழைய அசைவூட்டப் படங்களை வரிசையாகத் திரும்ப எடுக்கத் தொடங்கியது. தாங்கள் சிறுவயதில் பார்த்ததைத் தங்கள் குழந்தைக்குக் காட்டும் ஆசை பெற்றோரிடம் எப்போதும் உண்டு. அவ்வாசையை நம்பி முதலிடும் நிறுவனத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. கவலை தருவது அவற்றின் கலை முடிவு. 2019இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கிய 'தி லயன் கிங்' நேரடி நடிப்புப் படமென்றே பலரால் அழைக்கப்பட்டது. ஆனால் 1,490 காட்சித்துண்டுகள் கணினியில் உருவானவை, தொடக்கத்தில் வரும் ஆப்பிரிக்கச் சூரிய உதயம் ஒன்றே கேமராவால் எடுக்கப்பட்டது என்பதை இயக்குநரே வெளிப்படுத்தினார். உடலே இல்லாத இடத்தில் உடலின் எடையைப் போலச் செய்ததுதான் அங்கே நடந்த வேலை. தமிழ் மொழிமாற்றத்தில் சித்தார்த்தும் அரவிந்த்சாமியும் குரலில் எவ்வளவோ கொடுத்தார்கள். திரையிலிருந்த சிங்கமுகம் அக்குரலுக்கு இடங்கொடுக்கவில்லை. உண்மையான சிங்கத்துக்குப் புருவம் உயர்த்தத் தெரியாது.

அரசனாகும் நாளுக்காகக் காத்திருக்க முடியவில்லை என்று குட்டிச் சிங்கம் பாடும் காட்சியை இரு படங்களிலும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1994இன் மூல அசைவூட்டப் படத்தில் பாட்டுத் தொடங்கியதும் நிலம் தன் நிறத்தையே மாற்றிக்கொள்கிறது. புல்வெளி மறைந்து ஆப்பிரிக்க ஓவிய வண்ணங்கள் பரவுகின்றன. விலங்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோபுரமாக நிற்க, உச்சியில் குட்டி நின்று பாடுகிறது. அதிகாரத்தைப் பற்றிய ஒரு குழந்தையின் கனவு எப்படி இருக்குமோ அப்படியே அந்த உலகம் வளைந்து கொடுக்கிறது. 2019இன் படத்தில் குட்டிகள் நீர்நிலையைச் சுற்றி விலங்குகளுக்கிடையே ஓடுகின்றன. உண்மையில் சிங்கக் குட்டிகள் அதைத்தான் செய்யும். கனவு எங்கே போயிற்று என்று கேட்கும் குழந்தைக்கு அப்படத்தில் பதிலில்லை. படம் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது என்பது இக்கேள்வியைத் தள்ளுபடி செய்துவிடாது.

பார்வையாளர்கள் இதையெல்லாம் உணர்வதில்லை என்று தயாரிப்பாளர்கள் எண்ணுவதற்கும் ஆதாரம் இல்லை. வீடியோ விளையாட்டில் பிறந்து கார்ட்டூன் தொடர்களிலும் வளர்ந்த 'சோனிக்' பாத்திரத்தின் படமுன்னோட்டம் 2019 ஏப்ரலில் வெளியானபோது, அந்த நீல முள்ளெலிக்குச் சிறிய கண்களும் மனிதப் பற்களும் வைக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு உடனே எழுந்தது. உருவம் திருத்தி வரையப்பட்டது. படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. மனிதனுக்கு மிகவும் நெருங்கி, ஆனால் மனிதனாகாமல் நிற்கும் உருவம் பார்ப்பவருக்கு ஒவ்வாமையைத் தரும் என்று ஜப்பானிய இயந்திரவியல் அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் முன்வைத்த கருத்து இங்கே நினைவுகூரத்தக்கது. குழந்தைகள் அக்கருத்தைப் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள்.

இந்தியாவிலும் இப்பாதை திறந்துவிட்டது. 2008இல் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் குழந்தைகள் பார்த்து வளர்ந்த 'சோட்டா பீம்' தொடரை உருவாக்கிய ராஜீவ் சிலகா, 2012இன் அசைவூட்டப் படமொன்றின் கதையை 2024இல் சிறுவர்களை நடிக்கவைத்து நேரடி நடிப்புப் படமாக எடுத்தார். லட்டு சாப்பிட்டதும் பீமுக்கு வரும் பலம், கீரை தந்த பலத்தின் நெருங்கிய உறவு. அந்தப் பலம் தாளில் ஒரு கோட்டின் பெருக்கமாக நிகழ்வது. நடிக்கும் சிறுவனின் உடலில் அது எப்படி நிகழும் என்ற கேள்வி, வரைகலைச் செலவைக் கூட்டுவதால் தீர்வதில்லை. அவன் ஓடும் தெரு எப்படிச் சாய்ந்திருக்க வேண்டும், அவ்வூர்க்காரர்கள் எப்படி நடக்க வேண்டும், சிரிப்பின் கணம் எது என்பவற்றிலிருந்து தொடங்க வேண்டிய கேள்வி அது. இவ்வகைப் படம் எடுக்க விரும்பும் இயக்குநர்கள் 'பாப்பாய்' படத்தை அதன் ரப்பர்க் கைகளோடும் இயங்காத ஆக்டோபஸோடும் சேர்த்து முழுமையாகப் பார்க்க வேண்டும். பார்த்தபின் சீகரின் 1930களின் கீற்றுகளைத் தேடிப் படிக்க வேண்டும். வீட்டில் குழந்தைக்குப் புதிய 'தி லயன் கிங்' காட்டப்பட்டிருந்தால், பெற்றோர் 1994இன் படத்தையும் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.